ஹை ஸ்பிரிங்ஸில் ஜி.யு.இ. ஃபண்டமென்டல்ஸ்: ஒரு ஸ்கூபா குழுப்பயிற்சியின் மதிப்புரை

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபாவுக்கு உரிமம் பெற்று, சில கடல்களில் இறங்கிப் பார்த்துவிட்டு, அடுத்து எதைக் கற்பது என்று யோசிப்பவருக்குப் பல நிறுவனங்கள் பல பயிற்சிகளை வைத்திருக்கின்றன. அவற்றுள் குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ், சுருக்கமாக ஜி.யு.இ., என்ற அமைப்பின் ‘ஃபண்டமென்டல்ஸ்’ பயிற்சியை, அவ்வமைப்பு தோன்றிய ஊரான புளோரிடா மாநிலத்து ஹை ஸ்பிரிங்ஸில் முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் திறமையை மட்டும் கூட்டிக்கொள்ள நினைப்பவருக்கு இப்பயிற்சி பாதிப் பயன்தான் தரும். கூட இறங்குபவருக்கு நம்பத்தக்க துணையாக வேண்டும் என்று நினைப்பவருக்கு, நான் அறிந்த பயிற்சிகளில் இதற்கு இணையானது வேறில்லை.

இப்பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் கண்டிப்பு புரியும். வட புளோரிடாவின் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர் நிறைந்த குகைகள் மைல்கணக்கில் ஓடுகின்றன. ஜி.யு.இ. அமைப்பை 1998-இல் நிறுவிய ஜாரட் ஜப்லான்ஸ்கி அக்குகைகளை ஆராய்ந்தவர். அங்கே முக்குளிக்கக் கற்பித்தவரும்கூட. குகைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் பலருக்கு, தரையைத் தொடாமலும் மேலே எழும்பாமலும் ஓரிடத்தில் அசையாது மிதக்கவே தெரியாதிருந்ததால், குகையைக் கற்பிக்க வேண்டிய நேரம் அடிப்படைகளைத் திருத்துவதிலேயே கழிந்தது. அக்குறையை முன்கூட்டியே தீர்ப்பதற்காக உருவானதுதான் ஃபண்டமென்டல்ஸ். தலஹாசிக்கு அருகே வகுல்லா குகைத் தொகுதியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வுட்வில் கார்ஸ்ட் ப்ளெயின் ப்ராஜெக்ட் குழுவின் அனுபவமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. 2007 டிசம்பரில் ஜப்லான்ஸ்கியும் கேஸி மெக்கின்லேயும் டர்னர் சிங்க் என்ற பள்ளத்தில் இறங்கி, சுமார் 90 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கடந்து வகுல்லா ஊற்றில் வெளிவந்தார்கள். அப்படிப்பட்ட தொலைவில் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால், பக்கத்தில் இருக்கும் இன்னொருவரைத் தவிர வேறு உதவி கிடையாது. அந்த நிலைமைக்கென வகுத்த ஒழுங்கை, 18 மீட்டரைத் தாண்டாத, தலைக்கு மேல் பாறைக் கூரை இல்லாத திறந்த நீரில், பொழுதுபோக்காக முக்குளிப்பவருக்கும் கற்றுத்தருகிறார்கள்.

எங்கள் குழு மூவர் கொண்டது. வழக்கமாக என்னோடு இறங்கும் நண்பர் ஒருவர், பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து வந்திருந்த, ஓய்வுபெற்ற பெண்மணி ஒருவர், நான். அப்பெண்மணியை நாங்கள் முன்பின் அறிந்ததில்லை. பழகிய இருவரோடு அறியாத ஒருவர் சேர்ந்தது பெரிய நன்மையாக முடிந்தது. பழகியவர்கள் ஒருவர் நினைப்பதை மற்றவர் ஊகித்துக்கொண்டு சைகைகளை அரைகுறையாகச் செய்வது வழக்கம். ஊகிக்க வழியில்லாத மூன்றாமவர் இருந்ததால், ஒவ்வொரு சைகையையும் முழுதாகச் செய்து, அதற்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பயிற்சி எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கருவிகளுக்கே நெடுநேரம் ஒதுக்குகிறார்கள். முதுகில் உலோகத் தகடு, முடிச்சோ கொக்கியோ இடையில் இல்லாமல் ஒரே நாடாவால் ஆன பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இறக்கை வடிவிலான காற்றுப்பை, இடுப்பின் இடப்புற வளையத்தில் அழுத்தமானி, பையில் உபரி முகக்கண்ணாடி. மூவருக்கும் இவை ஒரே விதமாக, ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவியான ரெகுலேட்டர்கள் இரண்டு. வாயில் இருக்கும் ரெகுலேட்டர் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளக் குழாயில் வருகிறது. அது வலப்பக்கமாக இறங்கி, மார்பின் குறுக்கே ஏறி, கழுத்தைச் சுற்றி வாயை அடைகிறது. இரண்டாவது ரெகுலேட்டர் தாடைக்குக் கீழே ரப்பர் நாடாவில் தொங்குகிறது. காற்று தீர்ந்தவருக்குக் கொடுக்க வேண்டியது வாயில் இருக்கும் ரெகுலேட்டரை. கொடுத்தவர் தாடைக்குக் கீழ் இருப்பதை வாயில் வைத்துக்கொள்வார். காரணம் எளியது: வாயில் இருப்பது வேலை செய்கிறது என்பது அந்த நொடியில் உறுதி, பதற்றத்தில் இருப்பவர் கைநீட்டுவதும் பெரும்பாலும் அதை நோக்கித்தான். குழாயின் நீளம், குறுகிய வழியில் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டியிருந்த குகைகளிலிருந்து வந்தது.

எல்லோரும் ஒரே அமைப்பில் கருவிகளை அணிய வேண்டும் என்ற இந்த விதியைப் பிடிவாதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. என் கருத்தில் விதி சரியானதே. நண்பரின் உடலில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் தேடாமல் கையால் அறிய முடிவதன் மதிப்பு, கலங்கல் நீரில் இறங்கியவர்களுக்குத் தெரியும். புதுச்சேரிக் கடலில் கையெட்டும் தொலைவுக்கு அப்பால் ஒன்றும் புலப்படாத நாளொன்றில் முக்குளித்தவர்களிடம் இதை வாதிட்டு நிறுவ வேண்டிய தேவையே இராது.

தரைப்பயிற்சியை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊற்றங்கரைப் புல்வெளியில், முழுக் கருவிகளோடு, நீருக்கடியில் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் முதலில் நின்றபடியும் நடந்தபடியும் செய்து பார்க்கிறோம். காற்று தீர்ந்ததாகச் சைகை காட்டுகிறார் ஒருவர். மற்றவர் தலையைச் சற்றே குனிந்து, நீளக் குழாயைக் கழுத்திலிருந்து விடுவித்து, ரெகுலேட்டரை நேர்முகமாக நீட்டுகிறார். தாடைக்குக் கீழிருப்பதை எடுத்து வாயில் வைக்கிறார். குழாய் எதிலும் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். பிறகு இருவரும் மூன்றாமவரோடு சேர்ந்து, பேசாமல் சைகையாலேயே முடிவெடுத்து வெளியேறும் திசையில் நடக்கிறார்கள். பார்ப்பவருக்கு இது எளிதாகத் தோன்றும். பேசக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டைச் சேர்த்ததும், மூவரும் மூன்று திசையில் நடக்கத் தொடங்கியதை நிலத்தில் இருக்கும்போதே கண்டோம். தரையில் தெளிவாகாத எதுவும் தண்ணீரில் தெளிவாவதில்லை. இதற்குப் பயிற்சியாளர் ஒதுக்கிய நேரத்தையும், சலிக்காமல் மீண்டும் மீண்டும் செய்ய வைத்த அவருடைய பொறுமையையும் இப்பயிற்சியின் தலைசிறந்த பகுதிகளுள் வைக்கிறேன்.

ஆழம் குறைந்த பயிற்சிகளுக்கு நாங்கள் சென்ற இடம் சாண்டா ஃபே ஆற்றங்கரையில் உள்ள ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற தனியார் பூங்கா. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. தெளிவோ, எதிர்க்கரையில் நிற்கும் மரத்தின் கிளைகளை நீருக்குள்ளிருந்தே எண்ணிவிடலாம் என்னும் அளவு. ஜின்னி ஊற்றின் அடியில் ‘பால்ரூம்’ என்று அழைக்கப்படும் பெரிய அறை உண்டு. அதற்கு அப்பால் குகைக்குள் யாரும் நுழையாதபடி இரும்புக் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்து டெவில்ஸ் ஊற்றுகளின் குகைவாயில்களில், மரணதேவதையின் உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. குகைப் பயிற்சி இல்லாமல் உள்ளே போய் உயிரிழந்தவர்களில் திறந்த நீர்ப் பயிற்சியாளர்களும் இருந்தார்கள் என்பதை அவை சொல்கின்றன. ஃபண்டமென்டல்ஸ் மாணவர்கள் அவற்றைக் கடப்பதில்லை. ஆயினும் அப்பலகையைப் பார்த்தபின் பயிற்சியாளரின் சின்னச் சின்னத் திருத்தங்கள் எவையும் மிகையாகத் தோன்றவில்லை.

நீருக்குள் முதலில் கேட்கப்படுவது உடலைக் கிடைநிலையில் வைத்து அசையாமல் மிதப்பது. மார்பும் தொடையும் ஒரே கோட்டில், முழங்கால் மடங்கி, பாதம் மேலே, தலை நிமிர்ந்து முன்னால் பார்த்தபடி இருக்க வேண்டும். அதே நிலையில், ஆழம் மாறாமல், ஐந்து அடிப்படைச் செயல்களைச் செய்து காட்ட வேண்டும்: ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது, ஒரு ரெகுலேட்டரிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது, முகக்கண்ணாடிக்குள் நீரை விட்டு வெளியேற்றுவது, கண்ணாடியை முழுவதும் கழற்றித் திரும்ப அணிவது, நீளக் குழாயை நீட்டிக் காட்டுவது. இவற்றில் பெரும்பாலானவை தொடக்கநிலைப் பயிற்சியிலேயே எல்லோரும் மண்டியிட்டுச் செய்தவைதான். மண்டியிட இடமில்லாத நடுநீரில் அவற்றையே செய்யும்போதுதான், கையை அசைத்தால் மூச்சு மாறுகிறது, மூச்சு மாறினால் ஆழம் மாறுகிறது என்பது உடலுக்குப் புரிகிறது. உதைகளும் அப்படியே. சேற்றைக் கிளப்பாத தவளை உதை, நின்ற இடத்திலேயே சுழலும் ஹெலிகாப்டர் திருப்பம், பின்னோக்கி நகரும் உதை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கற்பிக்கிறார்கள். இவற்றில் கடைசியானதே கடினம். ஆனால் குழுவுக்கு மிக வேண்டியதும் அதுதான். இருவர் நேருக்கு நேர் நின்று வேலை செய்யும்போது, முட்டிக்கொள்ளாமல் ஒரு சாண் விலகுவதற்கு வேறு வழியில்லை.

இனி இப்பயிற்சியின் மையத்துக்கு வருகிறேன். மேற்சொன்ன திறன்கள் எல்லாம் ஒரு நோக்கத்துக்காகவே கற்பிக்கப்படுகின்றன: மிதப்புக்கும் மூச்சுக்கும் செலவாகும் கவனத்தை விடுவித்து, கூட இருப்பவரிடம் அதைத் திருப்புவது. தன் உடலைச் சமாளிக்கவே முழு மனமும் வேண்டியிருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நண்பரைப் பார்க்க இயலாது. நல்லெண்ணம் இருந்தும் துணை கிடைக்காமல் போவது இதனால்தான். இந்த உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு எந்தப் பயிற்சியையும் நான் கண்டதில்லை.

பயிற்சியின் பிற்பகுதியில், சுவானி ஆற்றங்கரையில் உள்ள ட்ராய் ஊற்றில் செய்த மேலேறும் பயிற்சி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஊற்றின் ஆழம் சுமார் 21 மீட்டர். ஆற்றோடு அது சேரும் வழியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863-இல் மூழ்கடிக்கப்பட்ட மேடிசன் என்ற நீராவிப் படகின் விலா மரங்கள் இன்னும் கிடக்கின்றன. அங்கே மூவருக்கும் மூன்று பொறுப்புகள் தரப்பட்டன. ஒருவர் அடையாள மிதவையை நூலில் கட்டி மேலே அனுப்ப வேண்டும். ஒருவர் ஆழத்தையும் நேரத்தையும் கணித்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று சைகை காட்ட வேண்டும். மூன்றாமவர் மற்ற இருவரையும் கவனிக்க வேண்டும். இறங்கிய ஆழத்தில் பாதிவரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகம், அதன்பின் நிமிடத்துக்கு 3 மீட்டர் என்பது விதி. ஏறிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் ஒருவருடைய முகக்கண்ணாடியைக் கழற்றும்படி சைகை காட்டுவார். சற்று நேரத்தில் இன்னொருவருக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்பார்.

இப்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். மிதவையை அனுப்புபவர் நூற்சுருளிலேயே கண்ணாக இருப்பதால், மூச்சைச் சற்று அதிகம் இழுத்து மெல்ல மேலே போய்விடுவார். கணக்குப் பார்ப்பவர் மணிக்கட்டுக் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் போனதை அறியமாட்டார். கண்ணாடி இழந்தவர் யாரேனும் தன் தோளைத் தொடுவார்கள் என்று காத்திருப்பார், ஒருவரும் தொடமாட்டார்கள். மூவரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அங்கே குழு இல்லை. கோலாட்டத்தில் எதிரே வரும் கோலைப் பார்க்காமல் தன் கோலை மட்டும் அழகாக வீசுபவரால் ஆட்டமே கலைந்துவிடுவது போன்றது இது. பயிற்சியாளர் இதற்குச் சொன்ன தீர்வு நடைமுறை சார்ந்தது. ஒருவர் கைவேலையில் இறங்கும் நொடியிலேயே, அவருடைய ஆழத்துக்குப் பொறுப்பு மற்ற இருவருக்கும் மாறிவிடுகிறது. அவர்கள் அவருக்கு எதிரே, அவர் தலையைத் தூக்கினால் உடனே கண்ணில் படும் இடத்தில், அவரது ஆழத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். அவர்கள் அசையாமல் நின்றால்தான் அவர் தன் ஆழத்தை அவர்களைப் பார்த்தே அறிவார். ஆழமானியை விட நம்பகமான அளவுகோலாக நண்பரின் கண்கள் மாறுகின்றன. கண்ணாடி இழந்தவரின் மேற்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிற்பதையும் ஏறுவதையும் அழுத்தத்தால் உணர்த்துகிறார். வேலையில் இருப்பவரும் ஒவ்வொரு படி முடிந்ததும் தலை தூக்கி மற்றவர்களைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தொடங்கியபின், அதே மூவர், அதே மிதவை, அதே ஆழம். ஆனால் மேலேறுவது அமைதியாக, ஒன்றாக நடந்தது.

இன்னொரு நல்ல வழக்கம், சிக்கல்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது. காற்று இல்லாதது முதலில், பார்வை அடுத்து, மிதவையும் நூலும் அதன்பின். இரண்டு சிக்கல் ஒரே நேரத்தில் வரும்போது எதை விட்டுவிடலாம் என்பதைக் குழு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் இலக்கு, யார் யார் எந்தப் பொறுப்பு, கருவிச் சோதனை, நேரமும் ஆழமும், காற்றுக் கணக்கு, சூழல் என்று ஒரே ஒழுங்கில் உரக்கப் பேசுகிறோம். மயங்கியவரை அடியிலிருந்து கட்டுப்பாட்டோடு மேலே கொண்டுவருவதும் பாடத்தில் உண்டு. அதை இன்னும் ஒரு முறை செய்து பார்க்க நேரம் இருந்திருக்கலாம்.

வகுப்பறைப் பாடங்களில் நான் மிகவும் மதிப்பது காற்றுக் கணக்கு. சிலிண்டரில் மீந்திருக்கும் காற்றை அதன் அழுத்தத்தால், ‘பார்’ என்ற அலகில், அளக்கிறார்கள். பெரும்பாலான படகுகளில் ‘50 பார் மீதியோடு மேலே வாருங்கள்’ என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. இங்கே அதைக் கணித்துக் காட்டுகிறார்கள். 18 மீட்டர் ஆழத்தில் ஒருவருடைய காற்று முழுவதும் போய்விட்டது. இருவரும் ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்து மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர், இருவருக்கு 40. சிக்கலைத் தீர்த்துக் குழாயைச் சரிசெய்ய 1 நிமிடம், முழுத் தொலைவையும் நிமிடத்துக்கு 3 மீட்டர் என்ற மெதுவான வீதத்திலேயே கணக்கிட்டால் ஏற 6 நிமிடம், ஆக 7. சராசரி ஆழம் 9 மீட்டர், அங்கே அழுத்தம் 1.9 பார். மூன்றையும் பெருக்கினால் 532 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் அது 48 பார். ஆக, 50 என்பது 18 மீட்டருக்குச் சரியாக வருகிறது. அதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டால் நேரம் 11 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார், தேவை 1,100 லிட்டர், அதாவது 100 பார். 200 பாரோடு இறங்கியவர் பாதியைத் தொட்டதுமே மேலேறத் தொடங்க வேண்டும். 30 மீட்டரில் 70 பாரை வைத்துக்கொண்டு நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர் தன் காற்றை எண்ணுகிறார், நண்பரின் காற்றை எண்ணவில்லை. குழு என்பதற்கு எண்ணால் ஒரு வரையறை கொடுக்க முடியும் என்பதை இந்தக் கணக்கு எனக்குக் காட்டியது. இதற்காக மட்டுமே பயிற்சிக்குப் போயிருந்தாலும் போனது தகும்.

அமெரிக்காவில் அழுத்தம் பி.எஸ்.ஐ. என்ற அலகிலும், கொள்ளளவு கன அடியிலும், ஆழம் அடியிலும் சொல்லப்படுவதால், பாரும் லிட்டரும் பழகியவர்கள் முன்கூட்டியே இரு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பழகிக்கொண்டு செல்வது நல்லது. 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ் கலவையின் பயன்பாடும் இதே பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது. அந்தப் பகுதி தெளிவானது, விரைவாக முடிவது.

ஒவ்வொரு முறையும் கரையேறியபின் காணொளி போட்டுப் பார்க்கிறார்கள். தன் உடல் கிடைநிலையில்தான் இருந்தது என்று நம்பியவருக்கு முழங்கால்கள் தொங்கியது திரையில் தெரியும். அதைவிடப் பயன் தந்தது, யார் எப்போது எங்கே பார்த்தார்கள் என்பதைக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பேசியதே. பயிற்சியாளர் குறைகளைச் சொன்ன விதத்தில் கடுமை இல்லை, சலுகையும் இல்லை. முதலில் குழுவே பேச வேண்டும், பிறகு அவர் பேசுவார். குளிரில் நெடுநேரம் அசையாமல் மிதந்துவிட்டு வந்த பிறகு மாலையில் நீளும் இந்த உரையாடல் உடலைச் சோர்வடையச் செய்யும் என்பதும் உண்மை. ஓய்வுக்கு வழி செய்துகொள்ளாமல், பகலில் பயிற்சியும் இரவில் அலுவலக வேலையுமாகப் போகலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு இது ஒத்துவராது.

மதிப்பீட்டு முறை இப்பயிற்சியின் தனித்தன்மை. குறைந்தது 4 நாட்கள் நீளும் பயிற்சியின் இறுதியில் பொழுதுபோக்கு நிலைத் தேர்ச்சி, குகை போன்ற கடினமான முக்குளிப்புப் பயிற்சிகளுக்கு வழிவிடும் தொழில்நுட்ப நிலைத் தேர்ச்சி, தற்காலிக நிலை, தேர்ச்சியின்மை என்ற நான்கில் ஒன்று கிடைக்கும். கிடைநிலையிலிருந்து உடல் சாய்வதற்குப் பொழுதுபோக்கு நிலையில் 30 டிகிரி வரை இடமுண்டு. தொழில்நுட்ப நிலையில் 20 டிகிரிதான். தற்காலிக நிலை பெற்றவர் 6 மாதங்களுக்குள் திருத்திக்கொண்டு வந்து மீண்டும் செய்து காட்டலாம். தேர்ச்சி பெற 275 மீட்டரை 14 நிமிடத்துக்குள் நிற்காமல் நீந்தவும், மூச்சை அடக்கி நீருக்கடியில் 15 மீட்டர் கடக்கவும் வேண்டும். புகைப்பவர்களுக்கு அனுமதி இல்லை. பெற்ற தகுதியும் வாழ்நாளுக்கு உரியதன்று; 3 ஆண்டுகளில் காலாவதியாகிறது, தொடர்ந்து முக்குளித்து வருவதைக் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டியவருக்கெல்லாம் அட்டை என்ற வழக்கத்துக்குப் பழகியவர்களுக்கு இது கசக்கக்கூடும். எனக்கு இது நேர்மையாகப் படுகிறது. நாளை என்னோடு இறங்கப்போகும் ஒருவர் கையில் வைத்திருக்கும் அட்டைக்குப் பொருள் இருக்க வேண்டும் என்றால், அது சிலருக்குக் கிடைக்காமலும் போக வேண்டும். எங்கள் மூவரில் ஒருவருக்குத் தற்காலிக நிலையே கிடைத்தது. அவர் வருந்தினாலும், எதைத் திருத்த வேண்டும் என்பது அவர் கையில் எழுத்தாகவே இருந்தது.

மற்றப் பயிற்சிகளோடு ஒப்பிடும்போது நியாயமாகப் பேச வேண்டும். பாடி (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி நிறுவனத்தின் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் பயிற்சி ஐந்து முறை இறங்குவதைக் கொண்டது. ஆழமும் திசையறிதலும் கட்டாயம், மற்ற மூன்றை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். புதிய சூழல்களை அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். அதை அது செய்கிறது. அதன் ரெஸ்க்யூ டைவர் பயிற்சி, ஒருவர் சிக்கலில் விழுந்தபின் என்ன செய்வது என்பதை நன்றாகக் கற்பிக்கிறது. அதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணம். ஃபண்டமென்டல்ஸ் அதற்கு மாற்று அன்று. சிக்கல் முளைக்கும்போதே மூவரில் ஒருவருக்காவது கண்ணில் படும்படி குழு நீந்துவது எப்படி என்பதுதான் இதன் பாடம். முதல் உரிமம் பெற்ற உடனே இதற்கு வர வேண்டாம் என்பேன். நீரில் அச்சமில்லாமல் இருக்கும் அளவுக்குச் சில காலம் பழகிவிட்டு வருவது நல்லது.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. பயிற்சியாளர் கட்டணத்துக்கு மேல், காற்று நிரப்புதல், பூங்கா நுழைவு, தங்குமிடம், கருவி வாடகை ஆகியன தனித்தனியாகச் சேரும். மிதப்பைக் கட்டுப்படுத்தும் வழக்கமான பி.சி.டி. மேற்சட்டை வைத்திருப்பவர், பயிற்சிக்குப் பின் முழு அமைப்பையும் மாற்ற விரும்புவார்; அந்தச் செலவு பயிற்சிக் கட்டணத்தையே தாண்டிவிடலாம். முதலிலேயே வாங்கிவிடாமல், வாடகைக்கு எடுத்துப் பயின்று, உடலுக்குப் பொருந்துவதைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்குவதே சிக்கனம். குளிரைத் தடுக்கும் உடையான வெட்சூட் மட்டும் விதிவிலக்கு. வழியில் ஒரு கடையில் எங்கள் குழுவுக்கு வாடகைக்குக் கிடைத்தவற்றில் ஒன்று தையல் விட்டுப்போயிருந்தது. 22 டிகிரி என்பது கேட்பதற்கு இதமாக இருந்தாலும், கைகால் அசைக்காமல் ஒரு மணி நேரம் மிதப்பவருக்கு அது குளிர்தான். குளிரில் நடுங்குபவரால் மிதப்பையும் காக்க முடியாது, நண்பரையும் பார்க்க முடியாது. தடித்த, நன்றாகப் பொருந்தும் வெட்சூட்டைச் சொந்தமாகக் கொண்டுபோவது நல்லது.

முன்கூட்டியே தயாராக விரும்புவோர் நீச்சல் குளத்திலோ அமைதியான ஆழமற்ற நீரிலோ இரண்டு காரியங்களைப் பழகலாம்: சிலிண்டர் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போது 3 மீட்டரில் அசையாமல் நிற்கப் போதுமான எடை எவ்வளவு என்று கண்டறிவது; முகக்கண்ணாடி இல்லாமல் நிதானமாக மூச்சு விடுவது. உதைகளைத் தாமாகப் பழகிக்கொண்டு வர வேண்டியதில்லை. தவறாகப் பதிந்த பழக்கத்தை மாற்றுவதற்கே பயிற்சியாளரின் நேரம் போய்விடும். இயன்றால், வழக்கமாக உங்களோடு இறங்குபவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு திரும்பினால், அவர் கற்றதில் பாதியைப் பயன்படுத்த ஆள் இருக்காது.

நாளைத் தேர்வதில் ஊற்றுகளின் இயல்பைக் கருத வேண்டும். பெருமழைக்குப் பின் சுவானி, சாண்டா ஃபே ஆறுகள் பெருகினால், தேநீர் நிற ஆற்றுநீர் ஊற்றுகளுக்குள் புகுந்து பார்வையை மறைத்துவிடும். ட்ராய் ஊற்று ஆற்றை ஒட்டியிருப்பதால் அதற்குப் பாதிப்பு விரைவில் வரும். ஆற்றின் நீர்மட்டத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தொடர்ந்து வெளியிடுகிறது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னும் புறப்படுவதற்கு முன்னும் அதைப் பார்த்துவிட்டு, மாற்று இடம் எது என்று பயிற்சியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கால வார இறுதிகளில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் காற்றடைத்த வளையங்களில் மிதந்து விளையாட வருவோரால் நிரம்பிவிடும். தரைப்பயிற்சிக்கு அமைதியான புல்வெளி கிடைப்பதே அரிதாகிவிடும். வாரநாட்களில் தொடங்கி முடியும் வகுப்பாகப் பார்த்துப் பதிவுசெய்வது நல்லது.